ஒரே வாணலியில் ஹாமும் காய்கறியும்: நான்கு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு

ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி) போட்டுக் காய்கறி வதக்குவது பார்க்கப் பொரியல் மாதிரிதான் தெரியும். எல்லாவற்றையும் நறுக்கி வாணலியில் கொட்டி மூடிவைத்தால் ஆகிவிடும் என்று இறங்கினால், வெளிறிப்போன ஹாம், நடுவில் வேகாத உருளைக்கிழங்கு, குழைந்த கோஸ் என்று கூட்டுமல்லாத பொரியலுமல்லாத ஒன்று வந்து நிற்கும். காரணம் தண்ணீர்தான். பாக்கெட் ஹாம் தண்ணீர் விடும், வெங்காயமும் கோஸும் விடும், மூடியில் கோத்த நீர் திரும்ப உள்ளேயே சொட்டும். இந்தத் தண்ணீரை எப்போது வெளியே விரட்டுவது, எப்போது வேகவைக்கப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தச் சமையலின் மொத்தத் தொழில்நுட்பமும். நறுக்க இருபது நிமிடம், அடுப்பில் முப்பது நிமிடம் ஆகும்.

ஹாம் வாங்கும்போது

சென்னையில் ஹாம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்பெட்டியில் இருப்பது மெல்லிய ஸ்லைஸ் பாக்கெட். சாண்ட்விச்சுக்காகச் சீவியது, காகிதம் போல இருக்கும். சாசேஜ், சலாமி விற்கும் கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளில் கேட்டால் கட்டியாகவோ தடிமனாகவோ வெட்டித் தருவார்கள். வாணலிக்கு ஏற்றது இந்த இரண்டாவதுதான். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் கேளுங்கள். வேப்பேரி, பெரம்பூர், பரங்கிமலை மாதிரி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், கிறிஸ்துமஸ் முடிந்து மிஞ்சிய முழு ஹாமை இப்படிக் காலி செய்யலாம்.

ஸ்லைஸ் பாக்கெட்தான் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை. ஐந்தாறு ஸ்லைஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பிறகு கையால் உதிர்த்துப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் போட்டால் அடுக்கின் நடுவில் இருப்பது வதங்கவே வதங்காது.

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் அதிக எடையுள்ள பொருள்தான் முதலில் வரும். இறைச்சிக்கு அடுத்து உடனே தண்ணீர், பிறகு ஸ்டார்ச், சோயா புரதம் என்று போனால், ஊசி வழியே உப்புநீர் ஏற்றிப் பருமனாக்கிய ஹாம் என்று அர்த்தம். அது கெட்ட பொருள் இல்லை. ஆனால் வாணலியில் போட்டதும் குளம் கட்டும், வதங்க இரண்டு நிமிடம் கூடுதலாக எடுக்கும். இறைச்சியின் சதவீதம் அச்சிட்டிருந்தால், அது அதிகமாக உள்ள பாக்கெட்டை எடுங்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடாத வீடுகளில் சிக்கன் ஹாம் வாங்கலாம். கொழுப்பு குறைவு, மென்மை அதிகம், கிளறினால் உடையும். வறுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, எண்ணெய் ஒரு டீஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹாம் ஏற்கெனவே வெந்தது. பேக்கன் (பதப்படுத்திய பன்றி வயிற்றுப் பகுதி இறைச்சி) அப்படியில்லை, வேகாத பச்சை இறைச்சி. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேக்கனை இந்தக் கணக்கில் செய்யக் கூடாது. "வேகாமல் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறதே" என்று ஹாமைப் போட்டு வறுத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அந்த நிறம் பதப்படுத்தும்போது சேர்க்கும் நைட்ரைட்டால் வருவது. எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ஹாம்தான் செருப்புத் தோலாகும்.

வெட்டிய ஹாமின் மேல் பச்சையும் நீலமுமாக ஒரு பளபளப்பு சில சமயம் தெரியும். தசைநாரின் மேல் வெளிச்சம் சிதறுவதால் வருவது அது. அதை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. தொட்டால் வழுவழுவென்று நூல் விடுகிறதா, புளித்த வாடை அடிக்கிறதா, பாக்கெட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உப்புக் கணக்கு

ஹாமில் உப்பு எவ்வளவு என்று நாக்கால் ஊகிக்க வேண்டியதில்லை. ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமுக்கு 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. நாம் போடப்போவது 250 கிராம் ஹாம். ஆக 6 கிராமுக்குச் சற்று மேல், அதாவது ஒரு டீஸ்பூன் பொடியுப்பு ஹாமிலேயே வந்துவிடுகிறது. நான்கு பேருக்கான காய்க்கு இதுவே ஏறக்குறையப் போதும். ஆகையால் உருளைக்கிழங்குக்கு மட்டும் கால் டீஸ்பூன் உப்பு. மற்றபடி கடைசியில் ருசி பார்த்துத்தான். கைப்பழக்கத்தில் வெங்காயத்தோடு ஒரு சிட்டிகை, பீன்ஸோடு ஒரு சிட்டிகை என்று போட்டுக்கொண்டே போவதுதான் இந்த உணவு உப்புக் கரிப்பதற்கு முதல் காரணம். வெண்ணெயும் உப்பில்லாததாக இருக்கட்டும்.

நான்கு பேருக்குத் தேவையானவை

ஹாம் – 250 கிராம்
உருளைக்கிழங்கு – 400 கிராம் (நடுத்தரம், 4)
கேரட் – 150 கிராம் (2)
பீன்ஸ் – 100 கிராம்
கோஸ் – 150 கிராம்
குடைமிளகாய் – 1
பெரிய வெங்காயம் – 1
பூண்டு – 6 பல்
எண்ணெய் – 2 டேபிள்ஸ்பூன்
உப்பில்லாத வெண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன்
மிளகு – 1 டீஸ்பூன், அப்போதே கொரகொரப்பாகப் பொடித்தது
தண்ணீர் – 60 மில்லி (கால் டம்ளர்)
எலுமிச்சம்பழம் – அரை மூடி
கொத்தமல்லித்தழை – ஒரு கைப்பிடி
உப்பு – கால் டீஸ்பூன்

மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டும். அதனால் 28 முதல் 30 சென்டிமீட்டர் அகலமும் தடித்த அடியும் சரியான மூடியும் உள்ள பாத்திரம் வேண்டும். தினசரிப் பொரியல் வாணலி போதாது. குவியலாகக் கிடக்கும் காய் வறுபடாது, ஆவியில் வேகும். பெரிய பாத்திரம் இல்லையென்றால் எல்லாவற்றிலும் பாதி போட்டு இரண்டு தடவை செய்யுங்கள், நெருக்கியடித்துச் செய்வதைவிட அது மேல். குழிந்த வாணலியைவிடத் தட்டையான அடியே நல்லது. இரும்பும் இண்டாலியமும் சிவக்க வறுக்கும். நான்ஸ்டிக்கில் ஒட்டாது, ஆனால் அந்தச் சிவப்பு நிறம் கொஞ்சம் குறையும்.

கரம் மசாலா, மல்லித்தூள் பக்கம் போக வேண்டாம். ஹாமுக்கு என்று உள்ள புகை வாசனையும் லேசான இனிப்பும் அதில் அடிபட்டுப் போகும். மிளகும் பூண்டுமே இதற்குத் துணை. கறிவேப்பிலை ஒரு இணுக்கு கிள்ளிப் போடலாம், அதற்கு மேல் இது குருமாவாகிவிடும்.

நறுக்கும் அளவு

இதில்தான் பாதி வேலை இருக்கிறது. உருளையை ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக, எல்லாம் ஒரே அளவில் வெட்ட வேண்டும். பெரிதும் சிறிதுமாக வெட்டினால் சிறியது கரையும்போது பெரியது பச்சையாக இருக்கும். கேரட் அதைவிட அடர்த்தி, ஆகவே அரை சென்டிமீட்டர் வில்லைகள். வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் சிவப்புக் கேரட் சீக்கிரம் இளகும். அதை வாங்கினால் வில்லையைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள். பீன்ஸ் இரண்டு அங்குல நீளம். கோஸ் விரல் அகலப் பட்டை, பொரியலுக்குச் சீவுகிற மாதிரிப் பொடியாக வேண்டாம். குடைமிளகாய் சதுரமாக, வெங்காயம் தடித்த பிறை வடிவில். பூண்டை நசுக்கினால் கருகும், வில்லையாகச் சீவுங்கள்.

நறுக்கிய உருளையைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு முறை அலசி, துணியில் பரப்பி நன்றாகத் துடையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்துதான் வாணலியில் பசையாகி அடிப்பிடிக்கிறது. துடைக்காமல் போட்டால் அந்த ஈரம் வற்றும் வரை உருளை சிவக்காது. ஃபிரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கு இதற்கு உதவாது. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். பச்சை நிறம் ஏறிய இடங்களை ஆழமாக வெட்டி எறியுங்கள், முழுதும் பச்சையென்றால் கிழங்கையே எறியுங்கள்.

அடுப்பில்

1. வாணலியை மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, ஹாமை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நான்ஸ்டிக் என்றால் வெறும் பாத்திரத்தைக் காயவைக்காமல் எண்ணெயோடே காய்ச்சுங்கள். பரப்பியபின் கிளறக் கூடாது. முதலில் ஓரங்களில் நுரை நுரையாகத் தண்ணீர் கசியும், சத்தம் மந்தமாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் வற்றிச் சத்தம் படபடவென்று மாறும். வறுபடுவது அங்கேதான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வேக்காடு. சத்தம் மாறியபின் ஒரு நிமிடம் விட்டு, திருப்பிப் போட்டு, இன்னும் ஒரு நிமிடம். விளிம்பு பழுப்பாகச் சுருண்டதும் ஒரு தட்டில் எடுத்துவிடுங்கள். மெல்லிய ஸ்லைஸுக்கு மொத்தமே மூன்று நிமிடம் போதும். தேன் பூசிய ஹாம் என்றால் தீயைக் குறையுங்கள்; சர்க்கரை சட்டென்று கருகிக் கசக்கும்.

ஹாமை எடுத்துவிடச் சொல்வதைப் பலர் தாண்டிப் போகிறார்கள், "அதுவும் காயோடு கிடக்கட்டுமே" என்று. அரை மணி நேரம் கிடந்தால் காயின் ஆவியில் ஊறி மறுபடி வெளிறும், உப்பு முழுவதும் உருளைக்குள் இறங்கும், மெல்லவும் ரப்பராக இருக்கும்.

2. அதே வாணலியில், கழுவாமல், மீதி எண்ணெயும் வெண்ணெயும் விட்டு உருளையைப் பரப்புங்கள். கால் டீஸ்பூன் உப்பைத் தூவி, மிதமான தீயில் ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். கரண்டியை விட்டுப் பார்க்கும்போது கிழங்கு அடியில் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் இன்னும் சிவக்கவில்லை. சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். சுரண்டி எடுத்தால் சிவந்த தோல் அடியிலும் வெள்ளைக் கிழங்கு கரண்டியிலும் வரும்.

3. உருளையைப் புரட்டி, கேரட்டைச் சேர்த்து, தீயைச் சிம்முக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஆறு நிமிடம் மூடுங்கள். நடுவில் ஒரு தடவை மட்டும் திறந்து புரட்டலாம். திறக்கும்போது மூடியை நேராகத் தூக்கி அப்படியே பக்கவாட்டில் கொண்டுபோய்க் கவிழுங்கள். உள்ளே சாய்த்தால் கோத்த நீர் முழுவதும் உருளை மேல் ஊற்றும். இண்டக்‌ஷன் அடுப்பில் இந்தக் கட்டத்துக்கு 600 வாட், மற்றக் கட்டங்களுக்கு 1200 வாட் அளவில் வைத்தால் சரியாக வரும்.

ஒரு துண்டை எடுத்துக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சிறு எதிர்ப்போடு இறங்க வேண்டும். முழுக்க வெந்திருக்க வேண்டாம், முக்கால் பதம்.

4. மூடியைத் திறந்து, வெங்காயமும் பூண்டும் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். பூண்டு வாசனை வந்ததும் பீன்ஸைப் போட்டு, 60 மில்லி தண்ணீரை வாணலியின் அடியில் பழுப்பு ஒட்டியிருக்கும் இடத்தைப் பார்த்து ஊற்றுங்கள். மரக்கரண்டியால் தேய்த்தால் ஹாம் விட்டுப்போன அந்தப் பழுப்பு கரைந்து எல்லாக் காயிலும் பூசிக்கொள்ளும். ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் வேலையும் குறையும். அடி கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை வந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சுரண்டாமல் மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடருங்கள். பிறகு மூடி, நான்கு நிமிடம்.

5. இனி மூடிக்கு வேலை இல்லை. தீயைக் கூட்டி, கோஸும் குடைமிளகாயும் போட்டு, மூன்று நிமிடம் புரட்டிப் புரட்டி வதக்குங்கள். கோஸின் ஓரம் கண்ணாடி போலாகி, நடு நரம்பு இன்னும் நறுக்கென்று இருக்கும் நேரம்தான் பதம். அடியில் தண்ணீர் தெரிந்தால் காயை ஓரமாக ஒதுக்கி, நடுவில் தேங்கியதைச் சுண்டவிடுங்கள்.

6. ஹாமைத் திரும்பப் போட்டு, மிளகைத் தூவி, நன்றாகச் சூடேறும் வரை இரண்டு நிமிடம். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சாப்பிடுவதாக இருந்தால் ஹாமிலிருந்து ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். குளிர்பெட்டியிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஸ்லைஸ் இறைச்சியில் இருக்க வாய்ப்புண்டு. 74 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது தங்காது. சின்னக் குழந்தைகளுக்கு மிளகு போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்துவைத்துவிடலாம்.

7. அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும். இப்போது ருசி பாருங்கள், உப்பு தேவையென்றால் இப்போது போடுங்கள்.

புளிப்பு ஏன் கடைசியில்?

தக்காளி சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். உருளை வேகும் முன் போட்டால் இருக்காது. காய்களின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் காய் மென்மையாகும். புளிப்பில் அது கரைய மறுக்கும். தக்காளியோடு அரை மணி நேரம் கொதித்தும் உருளை விறைப்பாக நிற்பதற்குக் காரணம் இதுதான். பீன்ஸின் பச்சை நிறமும் புளிப்பு பட்டதும் மங்கிப் பாசி நிறமாகும். தக்காளி வேண்டுமென்றால் ஒன்றை விதை நீக்கி, ஆறாவது படியில் ஹாமோடு போடுங்கள். இரும்பு வாணலியில் சமைத்திருந்தால் எலுமிச்சை பிழிந்த உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கிடந்தால் கறுத்து இரும்பு வாடை ஏறும்.

கை மீறிப் போனால்

உப்புக் கரித்தால், ஒரு பச்சை உருளைக்கிழங்கைப் போட்டு உப்பை உறிஞ்சவிடலாம் என்பதை நம்ப வேண்டாம். கிழங்கு தனக்கு வேண்டிய உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும், மிச்சத்தின் கரிப்பு குறையாது. அளவைக் கூட்டுவதுதான் வழி: தனியாக வேகவைத்த உருளை இரண்டு, அல்லது கொஞ்சம் கோஸ் சேர்த்துப் புரட்டி, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

உருளை மட்டும் வேகவில்லை, மற்றதெல்லாம் தயார் என்றால் எல்லாவற்றையும் ஒருசேர மூடிவைத்து வேகவிடாதீர்கள். உருளைத் துண்டுகளைப் பொறுக்கி வாணலியின் நடுவில் தள்ளி, மற்றதைத் தட்டில் எடுத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம் மூடினால் முடிந்தது.

காய் மாற்றம்

சௌசௌ போடலாம். ஆனால் அது தண்ணீர்க் காய். பீன்ஸோடு போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுங்கள். காலிஃபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துப் புழு நீக்கி, துடைத்து, கேரட்டோடு சேர்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் கோயம்பேட்டில் குவியும் பச்சைப் பட்டாணியை பீன்ஸுக்குப் பதிலாகப் போட்டால் ஹாமுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. கத்தரிக்காய், வெண்டைக்காய் இரண்டும் இதில் சேராது.

ஆறாவது படி முடிந்ததும் காயில் நான்கு குழி பறித்து, குழிக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி, குறைந்த தீயில் நான்கு நிமிடம் மூடினால் வெள்ளைக்கரு இறுகி மஞ்சள் இளகலாக இருக்கும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் மஞ்சளும் இறுகும். அப்படிச் செய்யும் நாளில் ஹாமை 150 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

தொட்டுக்கொள்ள, தோசைக்கல்லில் வாட்டிய பிரெட், பன், சப்பாத்தி எதுவும் சரி. சோறு வேண்டும் என்பவர்களுக்கு மிளகு ரசம் வைத்துவிடுங்கள். சாம்பாரோடு இது ஒட்டாது. ஹாம் உப்பும் நைட்ரைட்டும் ஏறிய பதப்படுத்திய இறைச்சி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் இவ்வகை இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அவசரத்துக்கு, ஆசைக்கு என்று மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

மிஞ்சினால்

சென்னை வெயிலில் ஹாமைக் கடைசியாக வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வர வேண்டும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். அதற்குள் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே 125 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து ஃபிரீசரில் வைத்து இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். உறைந்த ஹாம் இளகும்போது வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் விடும். முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, சமைக்கும் முன் துணியில் ஒற்றியெடுங்கள்.

சமைத்தது மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் மைக்ரோவேவில் சூடு பண்ணினால் உருளை சவசவத்துவிடும். வாணலியில் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடாமல், ஆவி வரும் வரை புரட்டுங்கள். காலையில் குழந்தைகளின் டிபன் பாக்ஸில் கட்டி மதியம் வரை வெளியே வைக்கிற உணவு இது இல்லை.